சின்னக் கம்பி

"கிறுகுதில்ல, பாஸ்."
இரண்டே சொல். ஃபோனை வைத்துவிட்டார்
உதுமாலெவ்வை.

சம்மாந்துறை நெல்லு ஸ்டோர் வளவில்
பத்துச் சில்லு லொறி.
முதுகில் இருநூற்றுப் பத்து மூட்டை,
மேலே படங்கு இழுத்துக் கட்டி
பொலன்னறுவைக்கு முகம் வைத்து
நேற்று அந்தியிலிருந்து நிற்கிறது.
வயலுக்கு மேல் மேற்கே கருக்கல்.
நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைக்கும் என்று
முதலாளி ஜவ்பர் வானத்தையும் என்னையும்
மாறிமாறிப் பார்க்கிறார்.

முதலில் வேலை காதுக்கு.
திறப்பைத் திருகினேன்.
பலகையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன,
ஹோர்ன் வளவையே எழுப்பியது.
இன்னும் ஒரு பல் திருகினால்
வரவேண்டிய அந்த 'டக்'
வரவில்லை.
பெற்றரி இறங்கிய லொறி கடகடவென்று பல்லடிக்கும்,
ஸ்டாட்டர் பழுதென்றால் ஒரு தரமாவது முனகும்.
இது வாயே திறக்கவில்லை.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திரும்பத் திருகினேன்.
ஒளி மயிரிழையும் மங்கவில்லை.
அப்படியென்றால்
கரண்டை யாரும் கேட்கவே இல்லை.
பெற்றரி இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து வோல்ட்.
ஏர்த் பட்டி இறுக்கம், உப்புப் பூக்கவில்லை.
கியர் நியூட்ரலில்.

திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
அடியில் படுத்தேன். நெல்லுச் சுணை முதுகில் ஏறியது.
பழைய ஸ்க்ரூட்ரைவரால்
ஸ்டாட்டரின் பெரிய முனையையும் சின்ன முனையையும்
ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன்.
நீலப் பொறி.
தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல்
எஞ்சின் அரைச் சுற்றுக் கிறுகி நின்றது.

"சரியா?" வளவின் அந்தக் கரையிலிருந்து முதலாளி.
"இல்ல, இன்னும் பாக்கோணும்."

தசைக்குக் குறையில்லை. சொல் வந்து சேரவில்லை.
திறப்பிலிருந்து இறங்கும் சின்னக் கம்பியைச்
சோதனை விளக்கால் குத்திக் குத்திப் போனேன்.
ஃபியூஸில் இருக்கிறது.
ரிலேக்கு முன்னால் இல்லை.
இடையில் இரண்டு முழம்.
பதினைந்து வருடப் புழுதி தின்ற கம்பிக் கட்டில்
ஒரே ஓர் இடத்தில் புது டேப், பளபளவென்று.
அங்கிருந்து ஒரு மஞ்சள் கம்பி களவாய் இறங்கி
கால்மிதிக்குக் கீழே ஓடி
ட்ரைவர் சீட்டுக்குப் பின்னால்
மேசை விளக்குச் சுவிட்ச் ஒன்றில் முடிகிறது.
கம்பியைக் கட்டியிருந்த முடிச்சு
மேலே படங்கில் கிடக்கும் அதே முடிச்சு.

உதுமாலெவ்வையைப் பார்த்தேன்.
அவர் டயரைப் பார்த்தார்.
"மூணு லோட்டுக் காசு" என்றார், டயரிடம்.
"நோம்பும் வருது."

இந்த வளவில் எனக்கும் பாக்கி உண்டு,
போன போகத்தில் கட்டிக் கொடுத்த ஓல்ட்டனேட்டர்.
நான் வாயை மூடிக்கொண்டது அதற்காக என்று
நினைக்கவேண்டாம்.
அதற்காகவும்தான்.

முதலாளி முன்னால் போய்க் கையைத் துடைத்தேன்.
"பெரிய கம்பிக்கெல்லாம் போகுது, ஹாஜி.
சின்னக் கம்பிக்குத்தான் வந்து சேருதில்ல."
"எப்ப சரிவரும்?"
"அது உங்கட ட்ரைவருக்குத்தான் தெரியும்.
அவரோட ஒருக்காக் கதைச்சிப் பாருங்க."
என்னை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு வானத்தை.
படங்கில் முதல் துளி விழுந்த சத்தம்
மூன்று பேருக்கும் கேட்டது.

கணக்கறைக்குள் இரண்டு பேரும் போனார்கள்.
ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.
வெளியே வந்த உதுமாலெவ்வை
மேல்பையை ஒரு கையால் பொத்தியிருந்தார்.
மற்றக் கையில் திறப்பைக் கொடுத்தேன்.
ஏறி உட்கார்ந்தார். குதிகால் பின்னுக்குப் போனது.
கிறுகியது.
கறுத்த புகைக்குக் கூரைக் காகமெல்லாம் கிளம்பின.

"எல்லாம் தந்தாரா?"
"ரெண்டு."

சுவிட்சை நான் கழற்றவில்லை.

அடுத்த வியாழன், ஒலுவில் பக்கமிருந்து
தெரியாத நம்பர்.
"பாஸ், லொறி கிறுகுதில்ல."
மீற்றர்ப் பையை நான் தொடவில்லை.
"எத்தின லோட்?" என்று கேட்டேன்.